நரம்பு ஞாபகம்

"உங்க லேப்ல ரத்தத்தப் பாத்துதான் எழுதுறீங்களா, இல்ல சீட்டு குலுக்கிப் போடுறீங்களா?" என்று டாக்டரம்மா இரண்டு தாள்களைக் கட்டில்மேல் போட்டபோது, லேப் அக்காவுக்குக் காது இரண்டும் சூடேறிப்போனது.

இரண்டு தாளிலும் ஒரே பெயர், ஒரே வயது. கீழே இவளுடைய கையெழுத்து. நேற்றுக் காலை லேபில் இவளே எடுத்த ரத்தத்தில் டெங்கு ஆன்டிபாடி இருந்தது. பிளேட்லெட் என்கிற தட்டணு அறுபதாயிரத்துக்கு இறங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் இந்தக் கட்டிலில் கிடக்கும் மீசைக்காரரை இன்று காலை வார்டில் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு புறங்கையில் டிரிப்ஸ் ஏற்றும்போது நர்ஸ் எடுத்து அனுப்பிய ரத்தத்தில் ஆன்டிபாடி பேருக்குக்கூட இல்லை. தட்டணு இரண்டரை லட்சம், குறையே இல்லை.

இவளும் சும்மா விட்டுவிடவில்லை. இரண்டு ரத்தத்தையும் மும்மூன்று தடவை சொட்டுவிட்டுப் பார்த்தாள். நேற்றையது பட்டையில் இரண்டு கோடு காட்டியது. இன்றையது ஒற்றைக் கோட்டோடு நின்றுவிட்டது. இதென்ன கூத்து என்றிருந்தது அவளுக்கு. டெங்குக் கிருமியை எதிர்க்க உடம்பு ஆன்டிபாடியைத் தயார் பண்ணவே நாலைந்து நாளாகும். வந்துவிட்டாலோ மாதக்கணக்கில் ரத்தத்தில் குடியிருக்கும். வாடகை வீட்டைக் காலி பண்ணுகிற மாதிரி ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடாது.

போன மாதம்தான் இரண்டு பேருடைய ட்யூபை மாற்றி வைத்து, சர்க்கரையே இல்லாத மனுஷரைப் பத்து நாள் பத்தியம் இருக்க வைத்தாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிலிருந்து ஊசி குத்தும் முன்பே ட்யூபில் பெயரை ஒட்டிவிடுவாள். இந்த முறை தப்பு தன்மேல் இல்லை என்று அடித்துச் சொல்லத் தோன்றியது. போன மாதக் கூத்துக்குப் பிறகு யார் நம்புவார்கள்?

மீசைக்காரரின் மனைவி அவளை ஒரு பிடி பிடித்தாள். அஞ்சு நாளாகக் காய்ச்சலில் கிடக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு விளையாடுகிறீர்களா என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவருக்கு டெங்கு இருக்கா, இல்லையா?"

டாக்டரம்மா லேப் அக்காவைப் பார்த்தார். லேப் அக்கா தாள்களைப் பார்த்தாள். மீசைக்காரர் என்னவோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து வாங்க மறுபடி ஓட வேண்டியிருக்குமா என்று கேட்டபடி எழுந்தார், வாசலோரப் பெஞ்சில் இருந்த மனைவியின் அண்ணன். துணிக்கடையில் வெட்டிக் கொடுக்கும் வேலை. ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை. கரண்ட் பில்லோ பேங்க்கோ, அந்த வீட்டில் யாருக்கு எந்த வேலை என்றாலும் வரிசையில் நிற்பது இவர்தான். இல்லை என்று சொல்லவே தெரியாத மனுஷர். வீட்டில் அவருக்குப் பெயரே வரிசைக்காரர்தான்.

"நீ உக்காருண்ணே. அலைஞ்சு அலைஞ்சு உன் மூஞ்சியப் பாரு," என்றாள் தங்கை. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து வயிறு சரியில்லை, வேறொன்றுமில்லை என்றார்.

கடைசியில், மூன்றாவது தடவையாக ரத்தம் எடுப்பது என்று முடிவானது. லேப் அக்காவே எடுக்கட்டும், நானும் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றார் டாக்டரம்மா.

அவள் தட்டை வைத்துவிட்டு மீசைக்காரரின் மேல்கையில் ரப்பரைக் கட்டினாள். காலையில் நாற்பது கை அவள் முன்னால் நீளும். முகத்தைப் பார்க்க நேரமே கிடையாது, நரம்பைத்தான் பார்ப்பாள். ஆனால் பார்த்த நரம்பு மறக்காது. நேற்று இந்தப் பெயரைக் கூப்பிட்டபோது நீண்ட கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நின்றது. குத்தியதும் வந்துவிட்டது. இந்தக் கையிலோ தட்டித் தட்டிப் பார்த்தும் நரம்பு தட்டுப்படவே இல்லை.

மற்றக் கையையும் திருப்பிப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய புள்ளி இல்லை. இந்தக் கையிலும் இல்லை.

"நேத்து எந்தக் கையில சார் எடுத்தேன்?"

மீசைக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெரிய மீசை லேசாக நடுங்கியது.

"வாயத் தொறந்து சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"எனக்கு ஊசின்னா ஆகாது," என்றார் அவர், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "பேரக் கூப்பிட்டதும் மச்சான்தான் போயி கைய நீட்டுனாரு. அவருக்கும் அதே காய்ச்சல்தானே, ஒரே வீடு, யாரு ரத்தமா இருந்தா என்னன்னு நெனச்சோம். அவருக்குத்தான் முந்தாநாளே காய்ச்சல் விட்டுடுச்சே."

அப்பாடா, வேலை தப்பித்தது என்று லேப் அக்காவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு தன் வேலையைக் காட்டும் என்பது அடுத்த கணம் நினைவுக்கு வந்து, பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா ஏற்கெனவே பெஞ்சை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

சுவரில் தலை சாய்ந்து கிடந்தவரின் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினார்கள். முழங்கை மடிப்பில் நேற்று ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது. "அண்ணே, அண்ணே" என்று தங்கை உலுக்கினாள். அவர் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்:

"அடுத்து எந்த வரிசைலம்மா நிக்கணும்?"