கழன்ற உயரமானி

“இறுக்கித்தான் கட்டினேன் சேர். ரெண்டு கேபிள் டை போட்டேன்.”

“அப்ப எப்புடி கழண்டுச்சு? தானா எந்திரிச்சு நடந்துச்சா?”

விஞ்ஞானம் படிப்பிக்கும் மகேஸ்வரன் சேர் துஷ்யந்தியிடம் இப்படிக் கேட்டதும் சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கலஹா பள்ளி மைதானத்தில், போட்டிக்காக அவர்கள் செய்த சிறிய ராக்கெட் மூக்குடைந்து கிடந்தது. உயரத்தை அளந்து பாராசூட்டை விரிக்கவேண்டிய உயரமானி, ராக்கெட் கிளம்பிய வேகத்தில் உள்ளே இருந்த பலகையிலிருந்து கழன்று, பேட்டரி வயரையும் அறுத்துவிட்டது.

துஷ்யந்தி தலை குனிந்து நின்றாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள்.

“ஒழுங்கா கட்டத் தெரியாத புள்ள கொழும்பு ராக்கெட் போட்டிக்கு வேணாம். என்ன சேர்?” என்றார் பள்ளி அதிபர்.

மகேஸ்வரன் தலையாட்டினார்.

எல்லோரும் போனபின் துஷ்யந்தி அவரிடம் வந்து கையை விரித்தாள். அறுந்த மஞ்சள் நூல் ஒன்றும் கிழிந்த விபூதிப் பொட்டலமும் இருந்தன.

“காலையில லேப் ஜன்னல் வழியா பார்த்தேன் சேர். ராக்கெட் நல்லா பறக்கணும்னு இந்த விபூதிப் பொட்டலத்தை உள்ளே வைக்க, நான் போட்ட கேபிள் டை ரெண்டையும் வெட்டிட்டு, உயரமானியை இந்த நூலால கட்டுனீங்க. அப்ப சொல்லப் பயந்துட்டேன். ராக்கெட் விழுந்ததும் யாரும் பார்க்கிறதுக்கு முந்தி இதை எடுத்துட்டேன்.”

மகேஸ்வரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் கேலி செய்பவர் அவர். அவளைத் திட்டும்போதே, கழன்றது எதனால் என்று அவருக்குத் தெரியும்.

“நூலைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம் சேர். நான் ஒழுங்காத்தான் கட்டினேன்னு மட்டும் அதிபர்கிட்ட சொல்றீங்களா?”