பாதக் கோடு

"இன்னும் அரை விரக்கடை கூட வரைங்க மாமா. வளர்ற பிள்ளை, போன மாசத்து அளவே இருக்குமா?"

மருமகள் சொன்னதும் பெரியவர் கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். குண்டுக் குதிகால், அஞ்சு குட்டி விரல். கடிதத்தின் அடியில் பேரனின் பாதம் வந்து உட்கார்ந்தது.

அவர் மகன் போருக்குப் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் முகாமில் இருக்கும் நண்பன்தான். "பாப்பா காலை வரைஞ்சு அனுப்புங்க, அதை நானே படிச்சுக்கறேன்" என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தான். தகப்பனும் மகனும் ஒரே பலகையில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர்கள். காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

"எழுதும்மா. பயல் ஒரு இடத்துல நிக்கறதில்ல, நேத்து தாத்தாவோட பசை டப்பாவைக் கவுத்துட்டான்னு எழுது."

பாதி எழுதியதும் பேனா நின்றது. "முடியல மாமா."

பயல் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. மூன்றே நாள் காய்ச்சல். அதற்கப்புறம் கடிதத்தில் போன பாதமெல்லாம், கடை அலமாரியில் அளவு வாரியாக இருக்கும் கால் வடிவ மரக்கட்டைகளைச் சுற்றிக் கோடு போட்டு, விரலைக் கையால் சேர்த்தது.

"பிள்ளை முகத்தை நெனச்சுத்தான் அங்க உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். திரும்பி வரட்டும், சொல்லிக்கலாம்" என்றார் பெரியவர், எத்தனையாவது தடவையாகவோ.

முதல் பொய்ப் பாதத்தை அனுப்பிய மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா அவன்? ஆனால் "பாப்பா கால் ரொம்ப அழகு" என்றுதான் பதில் வந்தது. பெரியவருக்குப் போன உயிர் திரும்பியது. செத்தவர்கள் பட்டியல்கூட ஒழுங்காக வராத காலம். கடிதம் வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

"பார்சல்!" தபால்காரர் ஒரு சின்ன மூட்டையை நீட்டிவிட்டுப் போனார்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜோடி தோல் செருப்பு. கூடவே இரண்டு வரி: 'நானே என் கையால் தைத்தேன். பாப்பாவுக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.'

அவள் ஒரு செருப்பை முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"யார் காலுல போட்டுப் பாப்பேன் மாமா? போதும், இனிமே அவரை ஏமாத்த என்னால ஆகாது." எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுக் காகிதம் எடுத்தாள். "நம்ம பிள்ளை போயிட்டான்னு எழுதிடறேன். இத்தனை நாளா நான் ஒண்டியா அழறேன். அவரும் என்கூட சேர்ந்து அழட்டும்."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்ற செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கட்டைவிரலை விட்டுத் தடவினார்.

அவர் போட்ட கோட்டின் மேலேயே, மயிரிழை பிசகாமல் அடித்தோல் வெட்டியிருந்தது. விரல் நுனிக்கு இடமே விடவில்லை. அவர் பலகையில் உட்காருகிறவனுக்கு அந்த இடம் விட்டு வெட்டுவதுதான் முதல் பாடம். மகன் அதைப் பத்து வயதில், மண்டையில் குட்டு வாங்கிப் படித்தவன்.

தையலும் கோணல்மாணலாக ஓடியது. ஊசி பிடித்தே பழகாத, பேனா மட்டுமே பிடித்த யாரோ, விரலில் குத்திக்கொண்டு, பிரித்துப் பிரித்து ஆசையாகத் தைத்திருந்தான். உட்புறம் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தது.

"என்ன மாமா பாக்கறீங்க? எழுதட்டுமா?"

பெரியவர் பேனாவோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட அழறதுக்கு அங்க அவன் இல்லம்மா."