முகம் பார்த்தே பேனர்

போட்டோஷாப் தெரிந்தவன் வாடிக்கையாளரிடம் விவரம் கேட்பது அந்த மென்பொருளுக்கே செய்கிற துரோகம் என்பது தேவநாதனின் முடிவான கருத்து. விழுப்புரத்தில் அவன் தொடங்கிய பேனர் கடைக்கு அன்றுதான் முதல் ஆர்டர் வந்திருந்தது.

"எதுக்குன்னு கேட்டுக்கினு செய்டா. மொத ஆர்டரு, கெட்டுடப் போவுது" என்றான் கூட்டாளி ஜெகதீசன்.

"கேட்டு எழுதிக்கினு போறதுக்கு நான் என்ன ஓட்டல் சர்வரா? மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?"

மண்டகப்பட்டிலிருந்து வந்த துரைக்கண்ணு கொடுத்தது, பழைய அடையாள அட்டையில் கறுத்துப்போயிருந்த ஒரு படம். தேவநாதன் புது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். இருட்டிலிருந்து கண்கள் வந்தன, மூக்கு வந்தது. சுருக்கங்கள் போய், நிறம் ஏறி, இருபது வயது குறைந்தது. கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு. தன் விரல்களைத் தானே பார்த்து வியந்தான் தேவநாதன்.

துரைக்கண்ணு இமைக்காமல் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"தெய்வமாட்டம் இருக்குது தம்பி."

"மனசத் தேத்திக்கங்க ஐயா. தவறின தேதி மட்டும் சொல்லுங்க, போட்டுடறேன்."

"நான்தான் தம்பி இது. வார்டு எலெக்‌ஷன்ல நிக்கறேன்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "வெளக்க மட்டும் எடுத்துடு, அது எதிராளி சின்னம். மாலையும் வட்டமும் அப்படியே இருக்கட்டும்."

ஆர்டர் பிழைத்தது.

அடுத்து வந்த பெண் ஒரு குழந்தையின் படத்தை நீட்டினாள். தலையில் கூம்புத் தொப்பி, முன்னால் ஒரே ஒரு மெழுகுவத்தி எரியும் கேக். தேவநாதன் எழுந்துபோய், ஜெகதீசன் காதில் விழாத குரலில் கேட்டான்.

"எதுக்குங்க இந்தப் பேனரு?"