முடிவு செய்யாத ஓட்டு

யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாதவர்களிடம் மட்டுமே வேட்பாளர்களின் இயந்திரக் குரல் போனில் பேசும். மண்வெட்டிக் கட்சிக்குத்தான் என்று ஏழுமலை முன்பே சொல்லிவிட்டதால் அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அவன் மனைவி பூங்காவனத்தோடு எல்லாக் கட்சியும் தினமும் பேசியது.

சூளையில் செங்கல் சுமந்துவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்றான். உள்ளே போன் ஸ்பீக்கரில் குடம் கட்சிக் குரல், "முட்டி வலி குறைஞ்சுதாம்மா?" என்று குழைந்தது. அவளுக்கு முட்டி வலி என்பதே அவனுக்குத் தெரியாது.

போனை அவள் வைத்ததும் கத்தினான். "குடத்துக்கே போடறேன்னு சொல்லித் தொலைடி. அப்பவாவது அவன் வாய மூடுவான்."

"சொல்லிட்டா நாளைக்கு எங்கிட்ட யாரு பேசுவா?"

ஏழுமலை கைகால் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சாப்டியா?" என்றான்.

பூங்காவனம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எந்தக் கட்சிய்யா?"