முத்தாத வசம்பு

பிள்ளை வளர்ப்பான் என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள், இதை நட்டு வளர்க்கிறவளுக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி நினைத்தபடியே அவள் முழங்கால் அளவு சேற்றில் குனிந்து வசம்பைப் பிடுங்குகிறாள். வாள் போன்ற இலைகளின் நுனி பழுத்துவிட்டது. நட்டு ஒரு வருஷம் ஆகிறது. சேற்றிலிருந்து கிழங்கு பொளக்கென்று விடுபட, காரமான வாசனை மூக்கில் ஏறுகிறது. கணுக்கணுவாகப் பருத்த கிழங்கில் மாலை வெயில் மின்னுகிறது. வரப்பில், செருப்பில் சேறு படாமல் ஒதுங்கி நிற்கிறான் அண்ணன்.

"கடைக்காரன் விக்கிறது வெறும் விறகும்மா. உன் கை வசம்புன்னா அது தனி. பாப்பாவுக்கு நாலு கிழங்கு குடு, நாங்க காய வெச்சுக்கறோம்."

"நானே காய வெச்சு, சுட்டு எடுத்துட்டு வர்றேன். பாப்பா நாக்குல நானே உரசி வைக்கிறேண்ணே."

அண்ணன் செருப்பைப் பார்க்கிறான். "நீ வர வேணாம்மா. பிள்ளை இல்லாதவ கை படக்கூடாதுன்னு உங்க அண்ணி பயப்படறா. மனசுல வெச்சுக்காதே."

அண்ணன் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டு, துணிக்குள்ளிருந்து உதைத்த ஒரு பாதத்தை மட்டுமே அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பாதத்தின் நீளம்தான் இருக்கும் கையிலிருக்கும் கிழங்கு. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுகிறாள். பிறகு பிடுங்கிய குழியிலேயே திரும்ப ஊன்றி, குதிகாலால் சேற்றை அழுத்தி மூடுகிறாள்.

"இன்னும் முத்தலைண்ணே," என்கிறாள்.