சிம்மத்தின் பின்னங்காலில் ஒரு புள்ளி

மனைவியின் கைபேசித் திரையை இரண்டு விரல்களால் விரித்தான்.

விண்மீன் திரள் பெரிதாகியது. சாய்த்து வைத்த தட்டைப் போன்ற உடல். இரு சுருள் கைகள். நடுவில் மஞ்சள் கசிந்த ஒளி. சிம்ம ராசியின் பின்னங்காலுக்கு அருகே, ஐந்தாண்டுகளாக அவன் துரத்திக்கொண்டிருக்கும் திரள்.

எடுத்தவன் அவனல்லன். மனைவி வசுமதியின் தம்பி தரணிதரன்.

நேற்று, சனிக்கிழமை, எடுத்து அனுப்பியிருந்தான். விடிவதற்குள் அவள் அதைத் தன் கைபேசியின் முகப்பில் வைத்துவிட்டாள். கணவன் எடுத்த எதையும் அவள் அங்கே வைத்ததில்லை.

இன்னும் விரித்தான்.

சுருள் கை ஒன்றின் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி.

அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

அன்றைய காபி அப்போதுதான் இனித்தது.

அவர்கள் வீட்டுக் கொல்லைக்கு நேர் பின்னால் கல்யாண மண்டபம். நாட்காட்டித் தாள்களைப் புரட்டி, மண்டப விளக்குகள் எரியாத, முகூர்த்தமில்லாத நாட்களைத் தேடுவான். அவற்றில் மேகமில்லாத ஒன்று வாய்த்தால், துணிக்கொடியில் கறுப்புத் தார்ப்பாயைக் கட்டித் தெருவிளக்கை மறைத்து, தன் சிறிய தொலைநோக்கியை நிறுத்துவான். ஊர்வெளிச்சத்தில் கரைந்த வானம். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்தச் செம்மஞ்சள் மூட்டத்திலிருந்து ஒரு திரள் மெல்லத் தலைகாட்டும்.

தரணிதரன் போன மாதம், வானத்தைத் தானாகவே தேடிப் படமெடுக்கும் ஒரு பெட்டி வாங்கினான். மொட்டைமாடியில் வைத்தான். பொத்தானை அழுத்தினான். கீழே போய்ச் சாப்பிட்டான். திரும்பி வந்தபோது படம் இருந்தது.

"எனக்கு முகூர்த்த நாளும் ஒண்ணுதான், கரிநாளும் ஒண்ணுதானுங்க மாமா," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கைபேசியில் அவனை அழைத்தான்.

"மாப்ள, உன் படத்துல ஒரு கறை இருக்குது."

"எங்கீங்க மாமா?"

"எடது கைப் பக்கம், ஓரத்துல. பெட்டியில கேமரா சரியில்ல போல. வியாழக்கெழம நானும் அதையேதான் எடுத்தேன். என்னுதுல இல்லியே."

"அட, ஆமாங்க. நீங்க சொன்னாத்தான் கண்ணுக்கே தெரியுது. தொடச்சுப் போடறனுங்க."

சமையலறையிலிருந்து வசுமதி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, காலங்காத்தால எம் பொறந்தவனப் புடிச்சுக்கிட்டீங்களா?"

அவன் சிரித்தான். வெகுநாட்களுக்குப் பின் மனதாரச் சிரித்தான்.

சொன்னால் போதாது, காட்டவும் வேண்டும் என்று தோன்றியது. மடிக்கணினியைத் திறந்தான். வியாழக்கிழமை எடுத்த படங்களில், அடுக்குவதற்கு முந்தைய, கை படாத ஒன்றைத் திரையில் விரித்தான்.

புள்ளி இருந்தது.

அடுத்த படம்.

இருந்தது.

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

அவனுடையது பழைய கேமரா. பழுதான புள்ளிகள் அதில் ஏராளம். வெள்ளிக்கிழமை மாலை படத்தைச் செம்மைப்படுத்தியபோது, இதுவும் அவற்றில் ஒன்றென எண்ணி மென்பொருளின் தூரிகையால் ஒருமுறை ஒற்றியிருந்தான். அவன் கைதான். படம் அழகாகியிருந்தது.

கேமராவின் பழுது என்றால் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். திரளோ படத்துக்குப் படம் சிறிது நகர்ந்திருந்தது.

புள்ளியும் திரளோடு நகர்ந்தது.

பெட்டியில் கோளாறு இல்லை. கேமராவில் கோளாறு இல்லை. அங்கே ஒரு விண்மீன் வெடித்திருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்த அந்த வெளிச்சம், வியாழக்கிழமை, மண்டபத்துக் கூரையைத் தாண்டி அவன் கொல்லையில் இறங்கியிருந்தது.

இத்தகைய வெடிப்புகளை அறிவிப்பதற்கென்று இருக்கும் இணையதளத்தைத் திறந்தான். பட்டியலின் கடைசிவரை போனான்.

எவரும் இதை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் சொல்பவனின் பெயர் அந்த விண்மீனின் கணக்கில் நிலைத்துவிடும்.

திரளின் பெயரைத் தட்டினான். புள்ளியின் இடத்தைத் தட்டினான். நாள்: வியாழன். பிறகு தன் பெயர்.

சனிக்கு முந்தியது வியாழன். அதில் பொய்யில்லை. இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். பொய்யில்லை.

வசுமதி கையைத் துடைத்துக்கொண்டே வந்து கைபேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இப்பப் பாருங்க."

முகப்பில் அவனுடைய படம்.

"தம்பியோடதுல கறைன்னு சொன்னீங்கள்ல, அதான் உங்களுத வெச்சுட்டேன். எத்தன சுத்தமா இருக்குது!"

ஐந்தாண்டுகளாக அவன் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. சுருள் கையின் ஓரம் வெறுமையாக இருந்தது.

"அவன் மொதல்ல அனுப்புனது இருக்குதா?"

"அழிச்சுட்டனே. அவனும் தொடச்சத மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் அழிச்சுட்டானாமா. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்றான்."

அவன் நெஞ்சிலிருந்து மூச்சு இலகுவாக வெளியேறியது.

அந்த மூச்சின் ஓசை அவன் காதிலேயே விழுந்தது.

அவள் போய்விட்டாள். உள்ளே குக்கர் கூவியது. திரையின் சுட்டியை 'அனுப்பு' என்ற பொத்தானின் மேல் வெகுநேரம் நிறுத்தியிருந்தான்.

பிறகு, கர்சரைப் பெயரின் இறுதியிலிருந்து பின்னோக்கி, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினான். முதல் எழுத்தையும் கடந்தான்.

இன்னொரு பெயருக்கு அங்கே இடமிருந்தது.

வெண்திரையில், அவன் பெயருக்கு முன்னால், கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.