நாய் இல்லாத முற்றம்

“ஏழு வருசம் காவல் காத்த நாயை லொறியிலை ஏத்தி அனுப்பிப்போட்டான். இவனெல்லாம் ஒரு மனுசனே?”

விமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி புருசனிடம் சொன்னாள். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவளுக்கு நினைப்பு. மூன்று காணி தள்ளி மாடு கட்டிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

நாயை அனுப்பியவர் பக்கத்துக் காணித் தில்லைநாதன். நெல் லொறி போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“கிழட்டு நாய்க்குச் சோறு போட அலுப்பு,” என்றார் புருசன் தவராசா. “வாய்க்கால் தண்ணியைக் களவாய்த் திருப்பினவனிட்டை வேறை என்னத்தை எதிர்பாக்கிறாய்?”

அந்தத் தண்ணிச் சண்டையோடு இரண்டு வீட்டு ஆண்களும் முகம் பார்த்துக் கதைத்து இரண்டு வருசமாகிறது.

விமலேஸ்வரிக்கு நாயென்றால் இப்போது உயிர். அவளுடைய மடியில் வீமன் என்றொரு குட்டி. பேர்தான் வீமன், பேட்டுக்கோழி கொக்கரித்தாலே சேலைக்குள் தலையை நுழைத்துவிடும்.

அந்த வருசம் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில் நாய்களுக்கு ஒரு நோய் பரவியிருந்தது. மூக்கொழுகும், பிறகு வலிப்பு, பிறகு குழிதான். அவளுடைய பழைய நாயும் அதில்தான் செத்தது. நாயில்லாத வயலுக்குள் பன்றி இறங்கினால் அறுவடைக்கு வைக்கோல்கூட மிஞ்சாது. இந்தக் குட்டியும் போய்விட்டால் அந்தப் போகத்து விளைச்சலுக்கும் அதே கதிதான்.

மிருக டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“தடுப்பூசி கொழும்பாலை வர ரெண்டு மாசம் செல்லும். அதுமட்டும் மற்ற நாய் நடமாடுற நிலத்திலை இதின்ரை கால் படக்கூடாது. பழைய நாய் செத்த உங்கடை வளவும் வேண்டாம். அதுக்காகப் பெட்டிக்குள்ளை பூட்டியும் வைக்காதேங்கோ. சனம், சத்தம் எல்லாம் இப்பவே பழக்கவேணும். இல்லாட்டி வளர்ந்தாப்போலை ஒண்டில் கண்டவனைக் கடிக்கும், ஒண்டில் கட்டிலுக்குக் கீழை ஒளிக்கும்.”

அன்றிலிருந்து வீமன் பனையோலைக் கடகத்தில் ஏறினான். கடகம் விமலேஸ்வரியின் இடுப்பில் ஏறியது. நெல்லுக் குத்துகிற மில்லுக்குப் போனார்கள், சத்தம் பழக. பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார்கள், சனம் பழக. கோயில் வாசலில் மேளம் கேட்டார்கள்.

“துரை இண்டைக்கு எங்கை எழுந்தருளுறார்?” என்று கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் கேட்டார்.

“கண்ணூறு படுத்தாதேங்கோ!” என்று அவள் சீறினாள்.

இரண்டு கிழமையில் வேறு பிரச்சினை வந்தது. ஓடாத கால் சூம்பத் தொடங்கியது. வாசல் படலையடியில் நின்று அதைத் தடவிக்கொண்டிருந்தபோது தில்லைநாதனின் மனைவி ஜெகதீஸ்வரி கூப்பிட்டாள்.

“இஞ்சை இறக்கி விடுங்கோவன், அக்கா. நாய்தான் இல்லையே. முத்தமும் சாணி தெளிச்சு நல்லாய்க் காய்ஞ்சிருக்கு.”

“அவன்ரை படலைக்குள்ளை கால் வைச்சியெண்டால் தெரியும்!” என்றார் தவராசா.

“பன்றி வந்தால் நீங்கள் குலைப்பியளோ?” என்று கேட்டுவிட்டு அவள் படலையைத் திறந்துகொண்டு போனாள்.

வீமன் நாள்தோறும் அந்த முற்றத்தில் ஓடினான். தில்லைநாதன் வாசலில் இருந்து குட்டியோடு மட்டும் கதைப்பார்.

“என்ன ஐயா, வீட்டிலை எல்லாரும் சுகமே?”

விமலேஸ்வரியும் குட்டியைப் பார்த்துத்தான் மறுமொழி சொல்லுவாள். “சுகமெண்டு சொல்லு, வீமா.”

அந்த முற்றத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளுடைய வாய் தொடங்கும்.

“இஞ்சருங்கோ, அந்தாள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மல்லாவி பஸ் ஏறுது. கையிலை ஒரு பொட்டலம். கருவாடு மணக்குது!”

“சின்ன வீடாய் இருக்கும்,” என்றார் தவராசா, மிகுந்த திருப்தியோடு.

“நானும் அதைத்தான் நினைச்சனான். கறிக்குக் கருவாடும் இவன்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணுமாக்கும். பாவம் ஜெகதீஸ்வரி!”

அந்தப் பாவத்தை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. கிணற்றடி, மில்லடி, பஸ்ஸடி எல்லா இடத்திலும் பங்கு போட்டாள். நாயைத் துரத்தியவன் நாளைக்குப் பெண்சாதியையும் துரத்துவான் என்று ஊரே தலையாட்டியது.

ஒருவழியாக ஊசி வந்தது. வீமனுக்குப் போட்டார்கள். குத்தும்போது வீமன் அழவில்லை, விமலேஸ்வரிதான் அழுதாள். இனி எங்கேயும் நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தில்லைநாதன் பஸ் ஏறவில்லை. நெல் லொறி ஒன்று அவருடைய படலையில் வந்து நின்றது. அதிலிருந்து குதித்தது அந்தக் கிழட்டு நாய். மனுசன் வெள்ளை வேட்டியோடு புழுதியில் இருந்து அதைக் கட்டிப்பிடித்தார். நாய் அவருடைய முகத்தை நக்கித் தள்ளியது.

லொறியை ஓட்டி வந்தவன் ஜெகதீஸ்வரியின் தம்பி யோகநாதன். விமலேஸ்வரி விடுவாளா?

“என்ன தம்பி, வேண்டாமெண்டு கலைச்ச நாயைத் திருப்பிக் கொண்டந்திருக்கிறியள்?”

“ஆர் கலைச்சது? ஞாயிறு தவறாமல் மல்லாவிக்கு எங்கடை வீட்டை வந்து, நாய்க்குக் கருவாட்டுத் தலை தீத்திப்போட்டெல்லோ அத்தான் போறவர். ஒவ்வொருக்காப் போகேக்கையும் கண்ணைத் துடைச்சுக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.”

விமலேஸ்வரிக்கு வாய் அடைத்துப்போயிற்று. கலியாணம் கட்டிய நாள்முதல் தவராசா காணாத காட்சி அது.

“அப்ப… ஏன் தம்பி அனுப்பினவர்?” என்றாள், இந்த முறை உண்மையாகவே மெதுவாக.

“இந்தத் திட்டத்து முப்பது வீட்டிலையும் நாய் நிக்குது, என்ரை குட்டியை எங்கை இறக்குவன் எண்டு, டொக்டரிட்டைப் போய்வந்த அண்டைக்கு நீங்கள் சங்கக்கடையிலை நிண்டு அழுதியளாம், அக்கா. முப்பதிலை ஒரு முத்தமெண்டாலும் காலியாய் இருக்கட்டும் எண்டு சொல்லித்தான் அத்தான் இதை என்னட்டை விட்டவர்.”